யவனர் கறியும் சமணர் அடுக்களையும்

இருபது ஆண்டுகளுக்கு முன், பேராக் மாநிலத்துத் தோட்டப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குச் சிலப்பதிகாரக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கட்டம் வந்தது. ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, சமணர்கள் இப்போதும் இருக்கிறார்களா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, அவர்களெல்லாம் பழங்காலத்தோடு மறைந்துபோனார்கள்" என்று சொல்லிவிட்டு மேலே சென்றேன்.

அந்தச் சிறுமி வளர்ந்து இன்று ஈப்போவில் விருந்துச் சமையல் எடுத்து நடத்துகிறாள். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, மறைந்துபோனார்கள் என்று சொன்னீர்களே, அவர்களில் நாற்பது பேர் வருகிற சனிக்கிழமை சாப்பிட வருகிறார்கள். கிரேக்க நாட்டுக் கறிவகை வேண்டுமாம். வெங்காயம், பூண்டு, கிழங்கு ஒன்றும் கூடாதாம். நான் ஒரு கூடை கத்தரிக்காய் வாங்கி வைத்துவிட்டேன். அதுவும் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?" என்றாள்.

சமையல் எனக்கு வராது. வகுப்பில் சொன்ன பிழைக்கு ஈடாக நூல்களைத் தேடிப் படித்துச் சொல்வது என்னால் ஆகும். அவ்வாறு படித்தறிந்தவற்றையும், அவள் அடுப்படியில் கண்டவற்றையும் ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். சமணர் மறைந்துவிடவில்லை. தமிழெழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளுள் சில, மதுரையை அடுத்த மாங்குளம் போன்ற குன்றுகளில் சமண முனிவர்க்கு அமைத்துக் கொடுத்த குகைப் படுக்கைகளின்மேல் வெட்டப்பட்டவை. அம்முனிவரின் வழிவந்த இல்லறத்தார், நயினார் என்னும் பட்டப்பெயருடன் வந்தவாசி, திருவண்ணாமலை, செஞ்சிப் பகுதிகளில் இன்றும் உழவு செய்து வாழ்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய வணிகரும் இதில் அடங்குவர். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும், நூலின் சமயப் பொருள் விளங்காமல் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தவரே. நம் ஈப்போவிலேயே ராஜஸ்தானத்துச் சலவைக்கல்லால் கட்டிய சமணக் கோயில் ஒன்று 2012-இல் குடமுழுக்குக் கண்டது. அடுத்த தெருவில் இருப்பவரை இல்லையென்று பாடம் நடத்தியவன் நான்.

இன்னொன்றும் உண்டு. புலால் நீக்கிய உணவுக்கு நாம் இட்ட பெயர் 'சைவம்'. புலால் மறுத்தலைத் தமிழகத்தில் முன்னின்று வற்புறுத்தியோருள் சமணரும் ஒருவர். ஆயினும் சமணர் வீட்டுச் சோற்றையும் 'சைவச் சாப்பாடு' என்றே அழைக்கிறோம். பெயர்கள் சில வேளைகளில் இப்படித்தான் வெற்றி பெற்றவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

சமணர் உணவு எத்தகையது என்று அறிய வடநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை, சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குல முதுமகள் மாதரியின் வீட்டில் கோவலனும் கண்ணகியும் தங்குகின்றனர். அவர்கள் சமண இல்லற நோன்பினர் ஆதலால், பகற்பொழுதில் உண்பதற்கு ஏற்ற உணவைக் கண்ணகி தானே சமைக்க வேண்டுமென்று கலங்களும் பண்டங்களும் தரப்படுகின்றன. பலாக்காய், வரியோடிய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், செந்நெல் அரிசி, பாலால் வந்த பண்டங்கள். ஆயர் கொடுத்தவை இவை. இந்தப் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன், பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் மாணவியின் அழைப்புக்குப் பிறகு படித்தபோதுதான் அதில் இல்லாதது கண்ணில் பட்டது. மண்ணுக்கடியில் விளைந்தது ஒன்றுகூட அதில் இல்லை. கொடியிலும் மரத்திலும் கதிரிலும் காய்த்தவையே எல்லாம்.

விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்க்கச் சமைத்து, குருத்து வாழையிலையில் கண்ணகி இட்ட அந்த உணவுதான் கோவலன் உண்ட கடைசி உணவு. உண்டு எழுந்து, சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனவன் திரும்பவில்லை. தமிழிலக்கியத்தில் இவ்வளவு நெஞ்சை உருக்கும் சோறு வேறொன்று உண்டா என்பது ஐயமே. அச்சோறு சமண நெறிப்படி ஆக்கிய சோறு என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

இனி, விலக்கின் காரணத்தைக் காண்போம். செடிகொடிக்கும் உயிர் உண்டு என்பது சமணர் கொள்கை. ஒரு காயைப் பறித்தால் செடி நிற்கிறது. ஒரு கிழங்கை அகழ்ந்தால் செடியே மடிகிறது. மண்ணிலுள்ள சிற்றுயிர்களும் மடிகின்றன. அன்றியும், கிழங்கு என்பது எண்ணற்ற உயிர்கள் ஓருடலாகக் கூடியிருக்கும் இடம் என்பது அவர்கள் கருத்து. இல்லறத்தார்க்கு ஒழுக்கம் வகுத்த சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயன் சிறிதாகவும் கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்கச் சொல்லும் இடத்தில் முள்ளங்கி, ஈர இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றைக் குறிக்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலின் வழிவந்தது. ஈர இஞ்சிதான் ஆகாது. தானே உலர்ந்து உயிர் நீங்கிய சுக்கு ஆகும். மஞ்சளுக்கும் இதுவே முறை. பிற்காலத்தில் பட்டியல் நீண்டது. விதை மிகுந்த கத்தரிக்காய், புழு வாழும் அத்திப்பழம், காளான் இவையெல்லாம் விலக்காயின. மதுவும் தேனும் தொடக்கமுதலே விலக்கு. ஞாயிறு மறைந்தபின் உண்பதில்லை. முன்னாள் ஆக்கிய சோற்றைத் தொடுவதில்லை. கிழங்கு விலக்குவதில் குஜராத்திச் சமணரின் கண்டிப்பு நம் நயினார் இல்லங்கள் எல்லாவற்றிலும் அப்படியே இருப்பதில்லை. ஆனால் இரவுண்ணாமை அவர்களுக்கும் பொது.

மேற்சொன்ன ஈர இஞ்சிக்கு அந்நூல் ஆளும் வடசொல் 'சிருங்கவேரம்'. 'இஞ்சிவேர்' என்னும் தென்னாட்டுச் சொல்லே அப்படி உருமாறியது என்பது மொழிநூலார் பலரின் முடிவு. அதே சொல் கப்பலேறிக் கிரேக்க மொழியில் 'ஸிங்கிபேரிஸ்' ஆயிற்று. சமண அடுக்களை வாயிலில் நிறுத்திய பண்டம் யவனர் கடையில் விலைபோயிருக்கிறது!

யவனர் என்று நம் முன்னோர் அழைத்தது முதலில் கிரேக்கரை. பின்னர் உரோமப் பேரரசின் வணிகர் அனைவரையும். முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட அவர்களின் கலங்களை அகநானூறு பேசுகிறது. புகார் நகரில் யவனர் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆகவே கோவலனின் சமண இல்லமும் யவனர் இருக்கையும் ஒரே நகரில் இருந்தன என்பது காப்பியம் தரும் செய்தி. முசிறியிலிருந்து சரக்கேற்றிச் சென்ற எர்மப்பொல்லோன் என்ற கப்பலின் கடன் ஒப்பந்தம், கிரேக்க மொழியில் எழுதப்பட்டது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டினது, இன்று வியன்னா நகரில் இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மேலை நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பின்னர் அவற்றை ஆராய்ந்தோர், கிரேக்கத் தீவாகிய கோஸ் நாட்டு முறையில் வனைந்த மதுச்சாடிகள், ஆலிவ் எண்ணெய்ச் சாடிகள், மீன்சாறு நிறைத்து வந்த சாடிகள் என்று பிரித்துக் காட்டினர். மது, மீன்சாறு, எண்ணெய். சமணர் ஒருவர் அத்துறையில் நின்றிருந்தால் மூன்றில் எண்ணெயை மட்டுமே கையால் தொட்டிருப்பார்.

அந்த எண்ணெய்தான் என் மாணவிக்கும் வழி காட்டியது.

கிரேக்கர் எல்லாரும் புலால் உண்டு களித்தவர் என்று நினைப்பது தவறு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவிற் பிறந்த பித்தகோரஸ் புலால் மறுத்தவர் என்பது பழைய மரபு. ஐரோப்பாவில் மரக்கறி உணவுக்கு நெடுங்காலம் 'பித்தகோரஸ் உணவு' என்றே பெயர். 1847-இல் இங்கிலாந்தில் மரக்கறியாளர் சங்கம் தோன்றிய பின்பே இப்போதைய பெயர் பரவியது. (பித்தகோரஸ் அவரைவகைப் பயற்றையும் விலக்கினார் என்பர். பருப்பில்லாமல் சமணர் வீட்டில் உலை ஏறாது. எனவே இருவரும் ஒரு பந்தியில் அமர்ந்திருந்தால் சிறிது சங்கடந்தான்.) இக்காலக் கிரேக்கரிடையே அந்த மரபைவிட வலியது அவர்களுடைய கிறித்தவத் திருச்சபையின் நோன்பு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் ஏழு வாரங்களும், ஆண்டின் வேறு பல நாள்களும் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் உண்ணாதிருப்பது அங்கு முறை. அந்நாள்களுக்கென்றே ஆலிவ் எண்ணெயில் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைக்கும் காய்க்கறிகள் வளர்ந்தன. எண்ணெயின் பெயராலேயே அவற்றை 'லாதெரா' என்பர். ஆக, முட்டையும் இறைச்சியும் அகற்றும் வேலையைக் கிரேக்கரே முடித்து வைத்திருந்தனர். எஞ்சி நின்றவை வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு.

வெங்காயத்துக்கு மாற்றாகச் சமணர் ஆளுவது பெருங்காயம். இதைச் சொன்னதும் என் மாணவி, "அப்படியானால் அது கிரேக்கக் கறியாக இருக்குமா ஐயா? சாம்பார் வாடை வந்துவிடாதா?" என்றாள். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் எண்ணினேன். தேடியபோது கிடைத்த செய்தி வேறு. வட ஆப்பிரிக்கக் கரையில் சிரீனி என்ற கிரேக்கக் குடியேற்ற நகரம் இருந்தது. அங்கு மட்டுமே விளைந்த சில்பியம் என்னும் செடியின் பிசின் கிரேக்கர் சமையலில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அந்நகரத்து நாணயங்களில் அச்செடியின் உருவத்தைப் பொறித்தனர். அளவின்றிப் பறித்ததால் செடி அருகியது. நீரோ மன்னன் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்தது, அதை அவனுக்கு அனுப்பினர் என்று பிளினி எழுதுகிறார். அதன் இடத்தை நிரப்பியது பாரசீகத்திலிருந்து வந்த பெருங்காயம். அலெக்சாந்தரின் படை இந்துக்குஷ் மலையைக் கடந்தபோது விறகில்லாமல் பச்சை இறைச்சியைத் தின்றது, அது செரிக்கத் துணைசெய்தது அம்மலையில் விளைந்த சில்பியம் என்று ஸ்டிராபோ குறிக்கிறார். அது பெருங்காய இனத்துச் செடியே என்பது அறிஞர் கருத்து. பழங்கிரேக்கர் உண்ட சுவை அது. இன்றைய கிரேக்கர் மறந்த சுவை. வெங்காயத்தை எடுத்துவிட்டுப் பெருங்காயத்தை இடுகிறவர் அக்கறியைக் கெடுப்பதில்லை. அதன் பாட்டியின் கைப்பக்குவத்துக்குக் கொண்டுபோகிறார் என்று அவளிடம் சொன்னேன். பெருங்காயமும் ஒரு செடியின் வேரிலிருந்து வடிவதாயிற்றே என்று கேட்பவர் இருக்கலாம். வடிந்து உலர்ந்த பிசின் அது, கிழங்கன்று. சமணர் இல்லங்களில் அது தாராளமாகப் புழங்குகிறது.

மற்றொரு பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிரேக்கக் கறியின் உயிர் என்று நாம் கருதும் தக்காளி, குடைமிளகாய், உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1492-க்கு முன் அவற்றைக் கண்ட கிரேக்கர் எவருமில்லை. விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸ் 1828-இல் பதவியேற்ற பின்புதான் உருளைக்கிழங்குப் பயிர் அங்கு ஊக்கம் பெற்றது. நம் மிளகாயின் கதையும் அதுவே. பழைய சமண நூல்களில் உருளைக்கிழங்கு என்ற பேரே இருக்க முடியாது. ஆயினும் அது கப்பலில் வந்திறங்கியபோது என்ன செய்வதென்று சமணர் திகைக்கவில்லை. எங்கே விளைகிறது என்று கேட்டனர். மண்ணுக்குள் என்றதும் விலக்கினர். தக்காளியைப் பற்றியும் அதையே கேட்டனர், கொடுத்தனர் இடம். பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருந்தால் இது இயலாது. காரணம் தெரிந்ததால் இயன்றது.

அவள் அடுப்படிக்கு வருவோம். சாந்தோரினித் தீவில் 'ஃபாவா' என்று ஒரு பருப்புக் கடைசல் உண்டு. அதற்குரிய பருப்பு நம் கேசரிப் பருப்பின் இனம். வெண்கலக் காலத்து அக்ரோத்திரி ஊரின் இடிபாடுகளிலேயே அப்பயறு கிடைத்திருக்கிறது. ஈப்போவில் அது கிடைக்காது. மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே தூவும் வெங்காயத்துக்குப் பதிலாகப் பெருங்காயமும் சீரகமும் ஆலிவ் எண்ணெயில் பொரித்து ஊற்றினாள். வெண்டைக்காயைத் தக்காளியிலும் எலுமிச்சைச் சாற்றிலும் வதக்கும் 'பாமியெஸ்' ஏறக்குறைய அப்படியே தேறிவிட்டது. பயற்றங்காய்க் கறியில் உருளைக்கிழங்கின் இடத்தில் வாழைக்காய் அமர்ந்தது. எனக்கு அது மூலத்தைவிட நன்றாகப் பட்டது. தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் சோறடைக்கும் 'யெமிஸ்டா'வில் ஒரு சிக்கல். காயை முழுதாக வேகவைத்தால் உள்ளே புழு உண்டா என்று பார்த்தது எப்படி என்பார்கள். ஆகவே காய்களை இரு பாதியாகப் பிளந்து, பார்த்து, அப்பாதிகளில் சோற்றை நிரப்பினாள்.

திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டும் 'டொல்மாதேஸ்' வகைக்கு இங்கே இலை கிடைப்பதரிது. உப்புநீரில் நாள்பட ஊறிப் புட்டியில் வரும் இலையும் நோன்பினர்க்கு ஆகாது. நான் சேம்பிலையைச் சொன்னேன். குஜராத்தியர் சேம்பிலையில் கடலைமாவு தடவிச் சுருட்டி அவிப்பார்கள். கிழங்கு ஆகாதெனினும் இலை ஆகும். மழைக்காலத்து நான்கு மாதங்களில் மட்டும் இலைக்கறியை விலக்குவர், மாசியில் தடையில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்குக் கெலாடி இலையின் அரிப்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புளி கரைத்துத் தடவித்தான் சுருட்டினாள்.

விட்டுவிட வேண்டியவையும் இருந்தன. 'ஸ்கொர்டாலியா' என்பதன் பெயரிலேயே பூண்டு இருக்கிறது. அதில் பூண்டை எடுத்தால் மிஞ்சுவது உருளைக்கிழங்கு, அதையும் எடுத்தால் பாத்திரம். கத்தரிக்காய் இல்லாத 'முசாக்கா'வை வாழைக்காயில் செய்வோர் உண்டு. பெயருக்காக அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, வேண்டாமென்றேன். கிரேக்கரின் ஆட்டுப்பால் கட்டியைக் கன்றின் இரைப்பைச் சாற்றால் உறைய வைப்பதும் உண்டென்பதால் அதுவும் போயிற்று. காய்ச்சாத தயிரையும் பருப்பையும் சேர்த்து உண்ணலாகாது என்பது ஒரு விதி. ஃபாவா இருந்ததால் தயிர்ப் பச்சடியை நிறுத்தினோம். சிப்னோஸ் தீவார் சனியிரவு மண்சட்டியில் கொண்டைக்கடலையை அடுப்பிலேற்றி, ஞாயிறு காலை எடுத்து உண்பர். இரவெல்லாம் வெந்தது நோன்பினர்க்கு ஆகாதாகையால் அதைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கினாள்.

இவ்வளவும் நடக்கையில் என் மனத்தில் ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தோட்டத்து மக்களைக் காப்பாற்றியது கிழங்கு. 1941 இறுதியில் ஜப்பானியர் வந்தபின் அரிசி அற்றுப்போய், மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் தரித்த கதையை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கடைசிவரை அவர் மரவள்ளியைக் காலால் தாண்டமாட்டார். அதைப் பாவம் என்பவரைக் கண்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அதே 1941-42 குளிர்காலத்தில் கிரேக்க நாடும் பகைவர் பிடியில் பட்டினி கிடந்தது. ஏதென்சுத் தெருக்களில் மக்கள் வீழ்ந்து மாண்டனர். பிழைத்தவர் பலர் காட்டுக்கீரையைப் பறித்து அவித்துத் தின்று பிழைத்தனர். அந்த அவித்த கீரைக்கு 'ஹோர்ட்டா' என்று பெயர். இன்று எலுமிச்சையும் எண்ணெயும் விட்டு விருந்திலும் வைக்கிறார்கள். எங்கள் விருந்திலும் வைத்தோம், கங்குங் கீரையில். மரவள்ளியை மட்டும் வைக்க இயலவில்லை. பஞ்சத்தில் தின்றதும் நோன்பில் தவிர்ப்பதும் வேறு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டி ஒப்பியிருப்பாரா என்பது வேறு.

வெங்காயமில்லாச் சமையல் ஈப்போவுக்குப் புதிதன்று என்பதையும் குறித்தாக வேண்டும். 1926-இல் தோன்றிய பேராக் தோங் போன்ற குகைக் கோயில்களுக்குச் செல்லும் சீனப் பௌத்தர், நோன்பு நாள்களில் வெங்காயம், பூண்டு முதலிய ஐந்து காரப் பூண்டுகளை விலக்குவர். ஆனால் காரணம் வேறு. அவை மனத்தைக் கிளர்த்தும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே அவர்களுக்குக் காளானும் சேப்பங்கிழங்கும் ஆகும். என் மாணவி அவ்வகைக் கடையொன்றிலிருந்து ஆயத்தச் சாறு வாங்கி வந்திருந்தாள். பொட்டலத்தைப் படித்துப் பார்த்தோம், காளான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பந்தி வைத்தார்கள். நம் நாட்டில் ஞாயிறு மறைய 7 மணிக்கு மேல் ஆகும், எனவே அவசரமில்லை. சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் வெயில் இருக்கும்போதே நாற்பது பேரும் உண்டு முடித்தார்கள். ஒரு மூதாட்டி சேம்பிலைச் சுருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எங்கள் ஊர்ப் பண்டமாயிற்றே என்று மலாயில் கேட்டார். கிரேக்க நாட்டுப் பண்டம் என்றாள் என் மாணவி. மூதாட்டி சிரித்துவிட்டு, தன் வீட்டில் உள்ளே கடலைமாவு வைப்போம் என்று செய்முறை சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கூடை கத்தரிக்காயை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், வெங்காயம் நிறையப் போட்டுக் குழம்பு வைத்தாளாம். மறுநாள் எனக்கும் ஒரு தூக்கில் வந்தது.